வெட்டவா, விடவா? ஜப்பானிய சலூன் நாற்காலியில் வாய் திறப்பது எப்படி

நாற்காலி மெல்லப் பின்னுக்குச் சாய்கிறது. பீங்கான் தொட்டியின் விளிம்பில் கழுத்து பதிகிறது. முகத்தில் நீர் தெறிக்காமல் இருக்க, கண்களின் மேல் மெல்லிய துணி ஒன்று வந்து விழுகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு நுரை, பிறகு உச்சந்தலையிலிருந்து பிடரி வரை இறங்கும் பத்து விரல்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டுப் பல வருடம் ஆன தலை, சுகத்தில் கண்ணயரப் பார்க்கிறது. அப்போதுதான் துணிக்கு அப்பாலிருந்து பணிவான ஒரு குரல் கேட்கிறது: "கயுய் தொகொரோ வா கொசாய்மாசென் கா?"

வேலைக்காக டோக்கியோவில் புதிதாக வந்திறங்கிய நம் ஊர்ப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. "ஹை" என்று சொல்லி வைப்பான். விரல்கள் சட்டென்று நின்றுவிடும். எங்கே என்று கேட்பார்கள். கேட்ட கேள்வி இதுதான்: எங்காவது அரிக்கிறதா? ஜப்பானிய சலூன்களில் தலை அலசும்போது வழக்கமாகக் கேட்பது. அரிப்பு இல்லையென்றால் "தைஜோபு தெஸ்" என்று சொன்னால் போதும். விரல்கள் மறுபடி நகரத் தொடங்கும். இந்த இரண்டு சொல் தெரியாததால், ஓர் அருமையான கால்மணி நேரம் பதற்றத்தில் கழிகிறது.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஜப்பானில் வாழும் இந்தியர்களின் எண்ணிக்கை இப்போது 50,000-ஐத் தாண்டிவிட்டது. 2025 ஆகஸ்டில் பிரதமர் மோடி டோக்கியோ சென்றபோது, ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் சென்று வரவும், அவர்களில் இந்தியாவிலிருந்து திறன்பெற்ற 50,000 பேர் ஜப்பான் செல்லவும் திட்டம் அறிவிக்கப்பட்டது. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற நிலையங்களில் ஜப்பானிய மொழி படித்துவிட்டுப் புறப்படும் இளைஞர்களைப் பார்க்கிறோம். ரயில் நிலையத்தில் வழி கேட்கவும், மருத்துவரிடம் வயிற்றுவலி சொல்லவும் பாடநூல் கற்றுத் தருகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் முடிவெட்டும் நாளுக்கு அதில் ஒரு பக்கம்கூட இருப்பதில்லை. விளைவு, பலர் சக ஊழியரின் வீட்டுக் குளியலறையில் மெஷின் போட்டுக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் ஊருக்கு வரும்வரை முடியை வளர்க்கிறார்கள். உலகிலேயே மிகச் சிறந்த முடிதிருத்துநர்கள் இருக்கும் ஒரு நாட்டில் இப்படி ஒளிந்து வாழத் தேவையில்லை.

■ இரண்டு கதவுகள், இரண்டு உரிமங்கள்

தெருவில் சிவப்பு, வெள்ளை, நீலக் கோடுகள் சுழலும் கம்பம் தெரிந்தால் அது 'ரியோ' கடை. பேச்சுவழக்கில் 'தொகொயா'. கண்ணாடிச் சுவரும், செடிகளும், கண்ணைப் பறிக்கும் விளக்குகளுமாக இருந்தால் அது 'பியோஷிட்சு', அழகு நிலையம். பார்க்க எல்லாம் சலூன்தான். ஆனால் ஜப்பானியச் சட்டத்தில் இவை இரண்டும் வெவ்வேறு தொழில்கள். முடிதிருத்துநர்களுக்கான சட்டம் 1947-இல் வந்தது. அழகுக்கலைஞர்களுக்கான தனிச் சட்டம் 1957-இல். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு, தனி அரசுத் தேர்வு, தனி உரிமம். பகல்நேரப் பள்ளியில் படித்தாலே இரண்டு ஆண்டுகள் ஆகும்.

வாடிக்கையாளருக்கு இதில் முக்கியமானது சவரக்கத்தி. முழு முகச் சவரம் செய்ய உரிமை உள்ளவர்கள் ரியோ கடைக்காரர்கள் மட்டுமே. அழகு நிலையத்தில் ஒப்பனையோடு ஒட்டிய சிறு மழிப்புக்கு மேல் கூடாது. ஆகவே தாடியைச் சீராக்கி, சூடான துண்டு போட்டு, நெற்றி வரை மழித்துவிட வேண்டுமென்றால் சுழலும் கம்பத்தைத் தேடித்தான் போக வேண்டும். பெண்களும் அங்கே போகிறார்கள். திருமணத்துக்கு முன் முகம், பிடரி, முதுகின் பூனைமுடியை மழித்துக்கொள்வது ஜப்பானிய மணப்பெண்களிடையே பரவலான வழக்கம்.

இந்தப் பிரிவினை எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அழகு நிலையங்கள் ஆண்களுக்கு வெறும் முடிவெட்டு மட்டும் செய்யக்கூடாது என்று 1978-இல் ஜப்பானிய அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக அழகு நிலையங்களுக்குப் போய்க்கொண்டிருந்தபோதும் அது ஏட்டில் அப்படியே இருந்தது. ரத்தானது 2015-இல்தான்.

நாள் பார்த்துப் போவதும் அவசியம். டோக்கியோ வட்டாரத்தில் ரியோ கடைகள் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை. அழகு நிலையங்கள் செவ்வாய்க்கிழமை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மின்தட்டுப்பாட்டுக் காலத்தில் முறைவைத்து மின்சாரம் நிறுத்தியதால் வந்த பழக்கம் என்று சொல்கிறார்கள். கடைக்குப் பஞ்சமே இல்லை. நாடெங்கும் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்ட அழகு நிலையங்கள் உள்ளன. தெருவுக்குத் தெரு இருப்பதாக நாம் வியக்கும் கன்வீனியன்ஸ் கடைகள் சுமார் 55,000 மட்டுமே.

▣ பெட்டிச் செய்தி: குடுமி போன கதை
எடோ காலத்தில் ஆண்கள் முன்தலையை மழித்து, பின்முடியை மடித்துக் குடுமி கட்டினார்கள். அதைக் கட்டிவிடும் 'கமியுய்' கடைகள் ஊர்க்கதை பேசும் இடங்களாகவும் இருந்தன. அடுத்து வந்த மெய்ஜி அரசு 1871-இல் குடுமியை விட விரும்புவோர் விடலாம் என்று ஆணையிட்டது. 1873-இல் பேரரசரே முடியை வெட்டிக்கொண்டார். அதன்பிறகு கிராப்பு நாகரிகத்தின் அடையாளமானது.

■ பத்து நிமிடமும் மூன்று விளக்குகளும்

பேச்சே வேண்டாம், வெட்டினால் போதும் என்பவர்களுக்கு ஜப்பான் ஒரு வழி கண்டுபிடித்தது. 1996-இல் டோக்கியோவின் கண்டா பகுதியில் 'க்யூபி ஹவுஸ்' முதல் கடையைத் திறந்தது. பத்து நிமிடம், ஆயிரம் யென். தலை அலசல் இல்லை, சவரம் இல்லை. வாசலில் சமிக்ஞை விளக்கு: பச்சை என்றால் காத்திருக்க வேண்டாம், மஞ்சள் என்றால் சற்று நேரம், சிவப்பு என்றால் கூட்டம். இயந்திரத்தில் பணம் போட்டுச் சீட்டு எடுக்க வேண்டும். வெட்டி முடித்ததும் மேலிருந்து வரும் குழாய் தலையில் ஒட்டிய துணுக்கு முடியை உறிஞ்சிவிடும். விலை படிப்படியாக ஏறி 2025-இல் 1,400 யென் ஆனது. சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தக் கடை புதிதல்ல. அங்கே பல வணிக வளாகங்களில் இருக்கிறது.

அவசரத்துக்கு நல்ல ஏற்பாடுதான். முடி நேராகவும், கேட்பது எளிய வெட்டாகவும் இருந்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் பத்து நிமிடத்தில் உங்கள் தலையைப் படித்துப் பார்க்க முடிதிருத்துநருக்கு நேரம் கிடையாது. அலையோடும் முடி, இரட்டைச் சுழி, முன்நெற்றி ஏறிய தலை என்று எந்தத் தனித்தன்மை இருந்தாலும், முதல் முறை முன்பதிவு செய்து ஒரு முழு சலூனுக்குப் போவதே நல்லது. அங்கே அளவைக் குறித்து வைப்பார்கள். அந்தக் குறிப்பு அடுத்த முறையும் கைகொடுக்கும்.

■ மூன்று சென்டிமீட்டர்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேள்வி வரும்: இன்றைக்கு எப்படிச் செய்யட்டும்? நம் ஊரில் இதற்குப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. "வழக்கம்போல", "சைடைக் கொஞ்சம் இறக்குங்க", "மீடியமா" என்பதோடு பேச்சு முடிந்தது. மீதியை அண்ணன் பார்த்துக்கொள்வார். ஜப்பானிய முடிதிருத்துநர் அப்படி ஊகிக்க மாட்டார். நீங்கள் சொன்னதை, சொன்ன அளவில், மில்லிமீட்டர் பிசகாமல் செய்வார். சொல்லாமல் விட்டதை அவருக்குப் பழக்கமான வழியில் செய்வார். இந்த இரண்டு வாக்கியங்கள்தான் முழு விஷயமும்.

எனவே எண்ணைச் சொல்ல வேண்டும். அதில்தான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. "சன் சென்ச்சி" என்றால் மூன்று சென்டிமீட்டர். வெட்ட வேண்டியது மூன்றா, மிச்சம் விட வேண்டியது மூன்றா? "கித்தெ குதசாய்" என்றால் அவ்வளவு வெட்டுங்கள். "நொகொஷித்தெ குதசாய்" என்றால் அவ்வளவு விடுங்கள். வினையை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் சொன்னால், தோள்வரை முடி வைத்திருப்பவர் பையன் கிராப்போடு வெளியே வர நேரலாம். மெஷினுக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஜப்பானியர்கள் மெஷினை 'பரிகான்' என்கிறார்கள். அதில் "ரொக்கு மிரி" என்றால் தலையில் ஆறு மில்லிமீட்டர் மிஞ்சும் என்றே பொருள். மிரியையும் சென்ச்சியையும் மாற்றிச் சொல்லிவிட்டால் அடுத்த இரண்டு மாதம் தொப்பிதான்.

நமக்கு ஒரு வசதி உண்டு. ஜப்பானிய வாக்கியம் தமிழ் போலவே வினையில் முடிகிறது. "மிஜிக்காக்கு ஷித்தெ குதசாய்" என்பது "குட்டையாகச் செய்து தாருங்கள்" என்ற அதே வரிசையில் நடக்கிறது. முன்னால் இருப்பதை மாற்றி மாற்றிப் போட்டால் பத்து வாக்கியம் கிடைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட வலுவானது புகைப்படம். செல்போனில் மூன்று படங்கள் வைத்திருங்கள்: முன், பக்கம், பின். நடிகரின் படத்தைவிட, உங்கள் தலையே நன்றாக இருந்த ஒரு நாளின் படம் ஆயிரம் மடங்கு மேல்.

▣ பெட்டிச் செய்தி: நாற்காலியில் கைகொடுக்கும் சொற்கள்
(தெஸ், தைஜோபு ஆகியவற்றின் 'த' ஒலி, தேவியில் வரும் 'த' போல அழுத்தமின்றி ஒலிக்க வேண்டும்.)

ஹஜிமெத்தெ தெஸ் – முதல் முறை வருகிறேன்.
கட்டோ ஒனெகாய் ஷிமாஸ் – முடி வெட்ட வேண்டும்.
கொனோ ஷாஷின் மித்தாய் நி ஷித்தெ குதசாய் – இந்தப் படத்தில் இருப்பது போலச் செய்யுங்கள்.
சொரொயெரு தக்கெ தெ – நுனியைச் சமமாக்கினால் போதும்.
சுக்கனாய்தெ குதசாய் – அடர்த்தியைக் குறைக்காதீர்கள்.
மிமி ஓ தஷித்தெ குதசாய் – காது தெரியும்படி.
மோ ஸ்கோஷி மிஜிக்காக்கு – இன்னும் கொஞ்சம் குட்டையாக.
ஒமக்காசெ ஷிமாஸ் – உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். (பழகிய பிறகு மட்டும் சொல்லுங்கள்.)
அட்சுயி தெஸ் – சுடுகிறது. இத்தாய் தெஸ் – வலிக்கிறது.
உறுப்புகள்: மாயெகமி – நெற்றியில் விழும் முடி; மொமிஅகெ – கிருதா; எரிஅஷி – பிடரி முடி; வகெமெ – வகிடு.

■ அவர்கள் கத்தரி, நம் முடி

ஜப்பானியரின் முடி பெரும்பாலும் தடிமனானது, நேரானது. பக்கவாட்டில் வெளிநோக்கி முளைத்து நிற்பது. அதைப் படிய வைக்கவே அங்கே ஒரு கலை வளர்ந்திருக்கிறது. சீப்புப் பல் போன்ற கத்தரியால் உள்ளிருந்து அடர்த்தியைக் குறைப்பார்கள். இதற்கு 'சுகு' என்று பெயர். பக்கவாட்டைக் கீழே மெஷினால் குறைத்து, மேல்முடியை அதன்மேல் விழவிடும் 'டூ பிளாக்' வெட்டு அங்கே இவ்வளவு பரவியதற்கும் காரணம் அந்த முரட்டுப் பக்கமுடிதான்.

நம்மவர்களின் முடி பலருக்கு மெல்லியது, அலை அலையாகச் சுருள்வது. எண்ணிக்கை அதிகமாக இருப்பதால் பார்வைக்கு அடர்த்தியாகத் தெரியும். முடிதிருத்துநர் பழக்கத்தில் பல்கத்தரியை எடுத்து நன்றாகக் குறைத்துவிடுவார். ஊதிக் காயவைத்த அந்த நிமிடத்தில் அற்புதமாக இருக்கும். மறுநாள் குளித்ததும், உள்ளே குட்டையாக வெட்டுண்ட இழைகள் ஒவ்வொன்றும் தன் போக்கில் சுருண்டு எழும்பும். தலை பரட்டையாகும், சுருளின் வடிவம் கலைந்துவிடும். அது சரியாக மாதங்கள் பிடிக்கும். ஜப்பானில் முடி வெட்டி மனம் நொந்த நம் பெண்கள் பலர் சொல்லும் கதை இதுதான். அவர்கள் போன கடை மோசமானதல்ல. சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை யாரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த வாக்கியம்: "குசெகெ நானொதெ, சுக்கனாய்தெ குதசாய்." சுருள்முடி என்பதால், அடர்த்தியைக் குறைக்காதீர்கள். வேறொன்றும் நினைவில் நிற்காவிட்டாலும் இதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

இன்னும் சில. எண்ணெய் வைத்துப் பின்னிய தலையோடு போகாதீர்கள். முடி இயல்பாக எப்படி விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர் முடிவெடுப்பார். மருதாணி போட்ட தலையென்றால், சாயமோ முடி நேராக்கலோ செய்யும் முன் "ஹெனா" என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். மருதாணி ஏறிய முடியில் ரசாயனம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. அங்குள்ளவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகத் தெரியும். இடுப்புவரை கூந்தல் உள்ளவர்கள், சாயத்துக்கும் பெர்முக்கும் 'ரோங்கு' (நீளமுடி) கட்டணம் தனியாகச் சேரும் என்பதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

▣ பெட்டிச் செய்தி: பணம்
100 யென் என்பது ஏறக்குறைய 55 முதல் 60 ரூபாய். சாதாரண அழகு நிலையத்தில் முடிவெட்டு சுமார் 4,000 முதல் 7,000 யென். ஓமொத்தெசாந்தோ, அவோயாமா போன்ற பகுதிகளில் இன்னும் அதிகம். குறிப்பிட்ட ஒருவரே வெட்ட வேண்டுமென்றால் 'ஷிமெய்' கட்டணம் சேரலாம். 'ஹாட் பெப்பர் பியூட்டி' போன்ற முன்பதிவுத் தளங்களில் முதல் முறை வருவோருக்குச் சலுகை உண்டு. டிப்ஸ் கிடையாது, கொடுத்தால் சங்கடப்படுவார்கள். கையில் காசில்லாத மாணவர்கள் 'கட்டோ மொதெரு' என்று தேடலாம். பயிற்சியாளர்கள் மூத்தவரின் மேற்பார்வையில், பெரும்பாலும் கடை மூடிய பிறகு, இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ வெட்டுவார்கள்.

■ பிள்ளையின் தலையும் பள்ளியின் விதியும்

குடும்பத்தோடு குடியேறுபவர்களுக்கு முடி வேறொரு கவலையைத் தரும். ஜப்பானியப் பள்ளிகளில் முடிக்கு விதி உண்டு. நிறமும் வடிவமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில், முடி இயற்கையிலேயே பழுப்பு அல்லது சுருள் என்று பெற்றோர் கையெழுத்திட்ட சான்றைப் பல உயர்நிலைப் பள்ளிகள் கேட்டு வந்திருக்கின்றன. இயல்பான பழுப்பு முடியைக் கருப்பாக்கச் சொல்லி வற்புறுத்தியதாக ஓசாகாவில் ஒரு மாணவி 2017-இல் வழக்குத் தொடுத்தார். 2021-இல் நீதிமன்றம் அவருக்கு 3.3 லட்சம் யென் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆனால் முடி விதி சட்டவிரோதம் என்று அது சொல்லவில்லை. டோக்கியோ மாநகர அரசுப் பள்ளிகளில் டூ பிளாக் வெட்டுக்கான தடை 2022 ஏப்ரலில் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, கிட்டத்தட்ட மொட்டையாக ஒட்ட வெட்டிய தலைகளின் களமாகவே இருந்த, பள்ளிகளுக்கான கோஷியென் கோடைக்கால பேஸ்பால் போட்டியில், இயல்பாக முடி வளர்த்த கெய்யோ பள்ளி மாணவர்கள் கோப்பையை வென்றார்கள். நாடே அதைப் பேசியது.

காற்று மாறுகிறது. ஆனாலும் பள்ளிக்குப் பள்ளி விதி வேறு. சேர்க்கையின்போதே விதிப்புத்தகத்தை வாங்கிப் படித்து, பிள்ளையின் முடி இயல்பிலேயே சுருள் என்பதை வகுப்பாசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிடுவது பெற்றோரின் கடமை. பன்னிரண்டு வயதில் தன் தலையைப் பற்றிப் பத்துப் பேர் முன்னால் தானே விளக்கம் சொல்லும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

■ பின்கண்ணாடி வரும்போது

வெட்டு முடிந்தது. முடிதிருத்துநர் பின்னால் ஒரு கண்ணாடியை விரித்துப் பிடித்து, "இகாகா தெஸ் கா?" என்பார். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். நம்மவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள். பிடரி சரியில்லை, கிருதா ஏற்றத்தாழ்வு, நெற்றி முடி கண்ணில் விழுகிறது, எல்லாம் தெரிகிறது. ஆனால் அவ்வளவு பணிவாக நிற்பவரிடம் எப்படிச் சொல்வது? "தைஜோபு தெஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஜப்பானியர்களும் பலர் அப்படித்தான். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் கேள்வி சம்பிரதாயம் அல்ல, கத்தரி இன்னும் கையில்தான் இருக்கிறது. "மோ ஸ்கோஷி" என்று சொல்லி, விரலால் இடத்தைக் காட்டினால் முகம் சுளிக்காமல் மறுபடி ஆரம்பிப்பார். தன் வேலை அரைகுறையாக வெளியே போவதைவிட, நீங்கள் சொன்னது அவருக்கு நிம்மதி.

வீட்டுக்குப் போன பிறகு குறை தெரிந்தாலும் வழி உண்டு. பல சலூன்களில் 'ஒனாஒஷி' என்ற ஏற்பாடு இருக்கிறது: ஒரு வாரம் அல்லது அதையொட்டிய கெடுவுக்குள் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போனால் கட்டணமின்றித் திருத்தித் தருவார்கள். கெடு கடைக்குக் கடை மாறும் என்பதால், கிளம்பும்போதே கேட்டுவைக்க வேண்டும்.

சுருள்முடியை நன்கறிந்த கைகள் அங்கே இன்னும் குறைவு என்பது உண்மை. அதற்கும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஜப்பானில் அழகுக்கலை படித்து, அரசுத் தேர்வில் தேறிய வெளிநாட்டவர்கூட முன்பு அந்த வேலையில் தங்க விசா கிடைக்காமல் ஊர் திரும்ப வேண்டியிருந்தது. 2022 முதல் டோக்கியோ சிறப்பு மண்டலத் திட்டத்தில், தகுதி பெறுபவர்கள் அந்நகர சலூன்களில் பணிபுரிய முடிகிறது. மென்பொருளும் முதியோர் பராமரிப்பும் மட்டுமே ஜப்பான் வேலை என்று நினைக்கும் நம் வழிகாட்டி மையங்கள், சென்னையிலும் மதுரையிலும் கத்தரி பிடித்துப் பழகிய பிள்ளைகளிடம் இதையும் எடுத்துச் சொல்லலாம்.